கார்டின் பின்பக்கம்

எங்கள் வீட்டில் டீ டம்ளருக்கு அடியில் வைப்பது சர்க்யூட் போர்டு. வருகிறவர்கள் அதிசயமாகப் பார்ப்பார்கள். என் மனைவிக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. போர்டு செய்து தருகிற ஃபேக்டரிக்காரர்கள் ஐந்துக்குக் குறைத்து அனுப்ப மாட்டார்கள். எனக்கு வேண்டியது ஒன்று. அந்த ஒன்றும் பாதி சமயம் தப்பாக வரும். தப்பானவற்றை ஷூ ரேக்குக்கு மேலே போட்டு வைப்பேன். அங்கிருந்து அவள் எடுத்து டீப்பாய்க்குக் கொண்டு வந்துவிடுவாள். பச்சையாக, வழவழவென்று இருக்கிறது, துடைத்தால் கறை போய்விடுகிறது என்று பக்கத்து ஃபிளாட்காரருக்கும் இரண்டு கொடுத்திருக்கிறாள். இருபத்தைந்து வருஷமாக போர்டு வரைந்து பிழைக்கிறவனுக்கு வீட்டில் இவ்வளவுதான் மரியாதை.

குடியிருப்பது புனேயின் ஹடப்சரில். வேலையும் அங்கேயே, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில். மெஷின்களுக்குக் கண்ட்ரோல் போர்டு வரைகிறேன். ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், அப்போதும் போர்டுதான் வரைகிறேன். ஆனால் அது யாருக்கும் வேண்டாத போர்டு. முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர்களின் மதர்போர்டில் கறுப்பாக, நீளமாக ஸ்லாட்டுகள் இருக்கும். அதில் செருகுகிற கிராஃபிக்ஸ் கார்டு. அது இருந்தால்தான் திரையில் எழுத்தோ படமோ வரும். பழைய கார்டுகள் ஒவ்வொன்றாகச் செத்துப் போகின்றன, அதனால் புதிதாகச் செய்கிறோம் என்று வெளியில் சொல்லிக்கொள்வோம். நிஜத்தில், வரைகிற சுகத்துக்காகவே வரைகிறோம்.

புனேயில் எங்களைப் போல ஒன்பது பேர் இருக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்கு, கேம்ப் என்கிற பேட்டையில், ரிட்டயரான பாங்க் அதிகாரி ஒருவர் வீட்டு முன்னறையில் கூடுவோம். பெரிய தேக்கு மேஜை, அதன் மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர், தெருமுனைக் கடையிலிருந்து டீ. அங்கே ஒரு வழக்கம் உண்டு. புது கார்டு கொண்டு வருகிறவர் அதைத் தானே செருகக் கூடாது. முதலில் கார்டைக் குப்புறப் போட்டு ஒவ்வொருவர் கையாகச் சுற்றில் விடவேண்டும். வரைந்ததில் தப்பு இருந்தால், டிராக்கை, அதாவது போர்டில் ஓடுகிற செம்புக்கோட்டை, பிளேடால் வெட்டிவிட்டு, பின்பக்கம் மெல்லிய ஒயரால் ஒட்டுப் போட்டிருப்போம் இல்லையா? அந்த ஒயர்களை எல்லோரும் எண்ணுவார்கள். ஒவ்வொரு ஒயருக்கும் அது ஏன் வந்தது என்று கார்டுக்காரர் வாயாலேயே சொல்லியாக வேண்டும். சொல்லி முடித்த பிறகுதான் வேறொருவர் செருகி சுவிட்சைப் போடுவார். இதை ஆரம்பித்து வைத்தது நான்தான். மற்றவர்களுடைய தப்புகளைக் கேட்பதில் எனக்கு அப்படி ஒரு ஆனந்தம்.

அங்கே என்னை 'சர்' என்பார்கள். சந்தேகம் வந்தால் என் பக்கம் திரும்புவார்கள். அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது, டீச்சர் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

டீச்சர் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவர். மூன்று தலைமுறையாகக் கேம்ப்பிலேயே இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். தமிழ் பேசுவார், படிக்க வராது. எங்கள் கூட்டத்தில் அவரும் நானும் மட்டும்தான் தமிழ். காலை ஆராதனை முடிந்து நேராக வருவார். பட்டுச் சேலை, கைப்பையில் பைபிள், அதன் கூடவே சால்டரிங் அயர்ன். எலக்ட்ரானிக்ஸ் படித்தவர் இல்லை. பழைய சாமான் விற்கிற ஜூனா பஜாரில் வாங்கிய ஒரு செத்த கம்ப்யூட்டரைப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டப்போய், தானே உள்ளே விழுந்தவர். வந்த முதல் மாதம் ரெசிஸ்டரின் நிறக் கோடுகளை எப்படிப் படிப்பது என்று என்னிடம் கேட்டார். நானும் பெரிய மனசோடு சொல்லிக் கொடுத்தேன். இரண்டாம் வருஷம், கிராஃபிக்ஸ் கார்டு வரைகிறேன் என்றார். நான் சிரித்தேன் என்றே நினைக்கிறேன்.

ஏனென்றால் அப்போது நானே ஒரு கிராஃபிக்ஸ் கார்டில் ஒன்றரை வருஷமாக மாட்டிக்கொண்டிருந்தேன். கார்டின் மெமரியில் பிராசசர் எழுதுகிற அதே நொடியில், திரைக்குப் படம் அனுப்புகிற பகுதியும் அதே மெமரியைப் படிக்கப் போகும். இரண்டும் முட்டிக்கொண்டால் திரையெங்கும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் மின்னும். இதைத் தீர்க்க நான் ஐந்து சிப் போட்டேன், பிறகு ஏழு போட்டேன். புள்ளி குறைந்ததே தவிரப் போகவில்லை.

ஒரு சனிக்கிழமை டீச்சரிடமிருந்து ஃபைல் வந்தது, கூடவே போனும்.

"அண்ணா, முழுசா வரைஞ்சுட்டேன். ஃபேக்டரிக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க ஒருவாட்டி பாத்துடுங்க. நீங்க 'டீக் ஹை, சரி'ன்னு சொன்னா நான் கண்ண மூடிட்டு அனுப்பிடுவேன்."

பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். டிராக்குகள் கோணல்மாணலாகப் போயிருந்தன, எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. எனக்கு வாயெல்லாம் பல். அப்புறம் மெமரி பகுதிக்கு வந்தேன். இரண்டே இரண்டு சிப். திரைக்குப் படம் போய்க்கொண்டிருக்கும்போது பிராசசர் உள்ளே வந்தால், 'கொஞ்சம் நில்' என்று ஒரு லைனைப் பிடித்து இழுக்கிறது. வேலை முடிந்ததும் விட்டுவிடுகிறது. அவ்வளவுதான். நான் ஏழு சிப் போட்டு நேரத்தைத் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தபோது, இவர் பிராசசரைக் கையைக் கட்டி நிற்க வைத்துவிட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. இந்த வழி எனக்கு ஏன் தோன்றவில்லை என்பது ஒரு பக்கம். ரெசிஸ்டர் நிறம் கேட்டவருக்குத் தோன்றியதே என்பது இன்னொரு பக்கம். அதுதான் அதிகம் எரிந்தது.

பிறகு செய்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பகுதியை அப்படியே என் டிராயிங்கில் எடுத்து ஒட்டினேன். அது ஸ்லாட்டுக்குள் போகிற கனெக்டரோடு பின்னிப் பிணைந்திருந்ததால் கனெக்டரையும் சேர்த்தே எடுத்தேன். என்னிடம் என் கனெக்டர் டிராயிங் இருந்தது. சரியாகத்தான் இருந்தது. அதை அழித்துவிட்டு அவருடையதை வைத்தேன். சிப்புகளை இடம் மாற்றி, டிராக்குகளை என் பாணியில் நேர்க்கோடாக இழுத்து, ஓரத்தில் ஒவ்வொரு லைனின் பெயரையும் பொடி ஆங்கில எழுத்தில் வரிசையாக அச்சடிக்கிற என் வழக்கத்தையும் விடாமல் செய்து, கீழே ஆங்கிலத்திலேயே 'பதிப்பு 1' என்று போட்டேன். இப்போது பார்த்தால் யாரும் என்னுடையது என்றுதான் சொல்வார்கள். திங்கட்கிழமை டீச்சருக்கு போன் செய்து எல்லாம் சரியாக இருக்கிறது, தைரியமாக அனுப்புங்கள் என்றேன். அவர் உடனே அனுப்பிவிட்டார். நான் என் டிராக்குகளை அழகுபடுத்திக்கொண்டிருந்ததில் எனக்கு இரண்டு வாரம் தாமதமாயிற்று.

அடுத்த முதல் ஞாயிறு டீச்சர் கார்டோடு வந்தார். குப்புறப் போட்டுச் சுற்றில் விட்டார். கனெக்டருக்குப் பக்கத்தில், ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு இரண்டு நீல ஒயர்கள். எனக்கு மனசு குளிர்ந்தது. டீச்சர் எழுந்து நின்று, வகுப்பில் வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி இந்தியில் சொன்னார். மெமரியைப் படிக்கிற லைனும் எழுதுகிற லைனும் பக்கத்துப் பக்கத்துப் பின்கள். பழைய மேனுவலின் ஜெராக்ஸில் அந்த இடம் மங்கலாக இருந்தது. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது.

'சர் சரி பார்த்தார்' என்று அவர் சொல்லவில்லை. நான் பார்த்தது எல்லோருக்கும் தெரியும் என்றாலும், என் பேரை இழுக்கவில்லை. அதைக்கூட அப்போது நான் கவனிக்கவில்லை. கனெக்டரிலேயே கோட்டை விட்டிருக்கிறாரே என்று மனசுக்குள் ருசித்துக்கொண்டிருந்தேன். பாங்க்காரர் கார்டைச் செருகி சுவிட்சைப் போட்டார். திரையில் ஒரு புள்ளி இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. அந்தக் கனெக்டர் என் டிராயிங்கிலும் இருக்கிறது. என் ஐந்து போர்டுகள் மூன்று நாளைக்கு முன்பே ஃபேக்டரிக்குப் போய்விட்டன. கை பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது, முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டிராயிங்கைத் திருத்தி, மற்றவர்களுக்கும் சேர்த்துப் பத்துக்கு ஆர்டர் போட்டேன். 'பதிப்பு 1' என்பதை மாற்றவில்லை. பதிப்பு 2 என்று போட்டால் 1 என்ன ஆனது என்று கேட்பார்களே. முதலில் வந்த ஐந்தையும் உறை பிரிக்காமல் ஷூ ரேக்குக்கு மேலே தள்ளினேன். இரண்டாவதாக வந்ததில் ஒன்றைச் சால்டர் செய்தேன். போட்டதும் ஓடியது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். புள்ளியே இல்லாத அந்தத் திரையைப் பார்க்கும்போதெல்லாம் டீச்சர் முகம்தான் ஞாபகம் வந்தது, எரிச்சலாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு என் கார்டு குப்புறக் கிடந்து சுற்றில் போனது. ஒரு ஒயர் இல்லை. எங்கள் கூட்டத்தில் அப்படி ஒரு பின்பக்கத்தை யாரும் பார்த்ததில்லை. பாங்க்காரர் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறையாகப் புகழ்ந்தார். செருகி ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு அவர் என் கார்டையும் டீச்சர் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குனிந்து பார்த்தார். இரண்டிலும் அதே இரண்டு சிப். அவர் கெட்ட மனுஷர் இல்லை, கிண்டல் பிரியர். ஓ, டீச்சரின் மந்திரம் எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் புரிகிறது, சர் சொல்லிக் கொடுத்ததைக் காப்பியடிக்கும்போதுகூட இரண்டு லைனை மாற்றிப் போட்டுவிட்டீர்களே என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் மிகச் சின்னது. நான் சொன்னது வேறு. "ஏதோ, ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, ஏற்கனவே முடுக்கியிருந்த ஒரு திருகை மறுபடி முடுக்க ஆரம்பித்தேன்.

டீச்சருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எதையோ யோசித்தார். எப்போது பேசினோம் என்று நினைவுபடுத்திப் பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

மிச்சப் போர்டுகளை மற்றவர்களுக்குக் கொடுப்பதும் எங்கள் வழக்கம்தான். எல்லோருக்கும் கொடுத்தேன், டீச்சருக்குக் கொடுக்க மறந்தது போல் விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அவரே போன் செய்தார். ஹடப்சரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை டியூட்டி, முடிந்துவிட்டது, போகிற வழியில் உங்கள் போர்டு ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்றார். மனைவி போனைப் பிடுங்காத குறையாக, டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

வந்தார். சோஃபாவில் உட்கார்ந்தார். நான் சுத்தமான போர்டு ஒன்றை எடுத்துவந்து கொடுத்தேன். ஓர எழுத்துகளை விரலால் தடவி, எவ்வளவு நீட்டாக இருக்கிறது, எனக்கு இது வரவே வராது அண்ணா என்றார். பொறாமை இல்லாமல் சொன்னார். எப்படித்தான் முடிகிறதோ என்று எனக்கு அதன் மேலும் எரிச்சல் வந்தது.

மனைவி டீயும் பாக்கர்வடியும் கொண்டுவந்து வைத்தாள். டம்ளருக்கு அடியில் புத்தம் புதுசாக ஒரு பச்சைப் போர்டு. பழையதெல்லாம் கறை ஏறிவிட்டது என்று ஷூ ரேக்குக்கு மேலே இருந்த புது உறையை அன்று காலையில்தான் பிரித்திருக்கிறாள். நான் பார்த்தபோது டீச்சர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாகிவிட்டது. திரும்ப வைக்கக் குனிந்தவர் வைக்கவில்லை. கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, போர்டை எடுத்து ஈர வட்டத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். நான் வரிசையாக, பொடி எழுத்தில், அவ்வளவு அக்கறையாக அச்சடித்திருந்த பெயர்கள். படிக்கிற லைன் இருக்க வேண்டிய இடத்தில் எழுதுகிற லைன், எழுதுகிற லைன் இருக்க வேண்டிய இடத்தில் படிக்கிற லைன். மடியிலிருந்த இன்னொரு போர்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் 'பதிப்பு 1'.

மனைவி சமையலறைக்குள் போயிருந்தாள். டீச்சர் குரலை உயர்த்தவில்லை.

"நான் கேட்டப்போ நீங்க பாக்கவே இல்ல, இல்லியா அண்ணா?"

"பாத்தேன் டீச்சர். கனெக்டர்ல தப்பு இருக்கான்னுதான் பாக்கல."

அவர் டீயை ஒரு வாய் குடித்தார்.

"காப்பியடிச்சதுக்கு ஒண்ணுமில்ல. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். ஆனா அன்னிக்கு 'பேசிக்கிட்டோம்'னு சொன்னீங்க பாருங்க. நான் வீட்டுக்குப் போய் மொபைல்ல பழைய மெசேஜ் பூரா எடுத்துப் பாத்தேன் அண்ணா. எப்ப பேசினோம், எனக்குத்தான் மறந்துபோச்சான்னு. ஒரு வாரம் பாத்தேன்."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், நான் பாக்கர்வடித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். மனைவி இன்னும் கொஞ்சம் பாக்கர்வடியோடு வெளியே வந்தாள். டீச்சர் அவளைப் பார்த்து, இந்த டம்ளர்த் தட்டு ரொம்ப அழகாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அவளுக்கு ஒரே பெருமை. ஒற்றையாகக் கொடுக்கக் கூடாது என்று இன்னொன்றும் சேர்த்து, நியூஸ்பேப்பரில் சுற்றி, பாக்கர்வடிப் பொட்டலத்தோடு கையில் கொடுத்தாள். கீழே ஆட்டோ வரைக்கும் நான் கூடவே போனேன். டீச்சர் வழக்கம்போல 'வரேன் அண்ணா' என்றார்.

அடுத்த முதல் ஞாயிறு வருகிறவரை எனக்கு இருந்த கவலை, அவர் மனசு நொந்ததைப் பற்றியது என்று சொல்ல ஆசைதான். இல்லை. அந்த இரண்டு போர்டையும் எல்லோர் முன்னாலும் எடுத்து வைத்துவிடுவாரோ, 'சர்' போய்விடுமோ என்பதுதான். போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். போகாவிட்டால் இன்னும் மோசம் என்று போனேன்.

எடுத்து வைக்கத்தான் செய்தார். டீ வந்ததும் கைப்பையிலிருந்து இரண்டு போர்டையும் எடுத்தார். ஒன்றைத் தன் டம்ளருக்கு அடியில் வைத்தார், இன்னொன்றை மேஜை மேல் என் பக்கமாகத் தள்ளினார். பையிலிருந்த சால்டரிங் அயர்னின் ஒயர் சிக்கலைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். நான் என் டம்ளரை எடுத்து அந்தப் பெயர்களின் மேல் வைத்தேன். பாங்க்காரருக்குத் தன் தேக்கு மேஜையைப் பற்றி ஒருவராவது கவலைப்படுகிறாரே என்று மகிழ்ச்சி. எனக்கும் ஒரு செட் வேண்டும், எங்கே வாங்கினீர்கள் என்று டீச்சரைக் கேட்டார். அவர் தலையை நிமிர்த்தாமல், சர் வீட்டில் இருக்கிறது, அவரைக் கேளுங்கள் என்றார்.

பாங்க்காரர் என்னைப் பார்த்தார். டீச்சர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பூசி மெழுகியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. நான் டம்ளரைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, போர்டைத் துடைத்து, குப்புறப் போட்டுச் சுற்றில் விட்டேன். இதில் ஒயர் இல்லை, இரண்டு இருந்திருக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். யாருடைய டிராயிங், எதை ஒட்டினேன், எதைப் பார்க்காமல் சரி என்றேன், எதற்காக இரண்டாவது தடவையும் 'பதிப்பு 1' போட்டேன், நாங்கள் இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை என்பது வரை எல்லாம் சொன்னேன். அசடு வழிந்தது. யாரும் சிரிக்கவில்லை, அதற்குப் பதில் சிரித்திருக்கலாம்.

பாங்க்காரர் அந்தப் போர்டைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு டீச்சரிடம் திரும்பி, தான் அன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டார். அவ்வளவு சுலபமாகக் கேட்டார். அப்படியானால் அந்த இரண்டு சிப் எப்படி வேலை செய்கிறது என்று நீங்களே விளக்குங்கள் என்றார். நாற்காலிகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. டீச்சர் எழுந்து, வகுப்பில் ஒரு பையன் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவன் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும் இல்லையா, அதுதான் இது என்று தொடங்கினார். பத்தே நிமிஷம். நான் விளக்கியிருந்தால் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பொறாமை போய்விடும் என்று நான் ஏதோ நம்பியிருந்தேன். போகவில்லை. ஒரு கையால் கார்டைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நிற்பைப் பார்க்கப் பார்க்க ஏறியது. அப்போது யாரோ, அந்த இரண்டு லைனும் எப்படித்தான் மாறிப்போயின என்று கேட்டார்கள். கேள்வி என்னிடமா அவரிடமா என்று தெளிவாக இல்லை. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் டீச்சர் பதில் சொல்லிவிட்டார்.

"அது என் தப்பு" என்றார் இந்தியில். பிறகு பாங்க்காரர் முன்னால் இருந்த போர்டைக் கையால் காட்டி, எனக்கு மட்டும் புரிகிற தமிழில், "இதுல இருக்கறதும் என்னோடதுதான்" என்றார்.

அவர் சொன்னது சரி. அந்தக் கார்டில் நல்லதும் அவருடையது, தப்பும் அவருடையது. என்னுடையது என்று இருந்தது ஓரத்துப் பொடி எழுத்து மட்டும்தான்.

வீட்டில் இன்னும் மூன்று இருக்கின்றன. மனைவி தினமும் அதில்தான் டீ வைக்கிறாள். நான் டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டு, திரும்ப வைக்கும்போது அந்த இரண்டு பெயர்களும் மறைகிற மாதிரி பார்த்து வைக்கிறேன்.